தவளை மிஸ்ஸின் நெறிக்கட்டி

நீச்சல்குளத்துப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் தவளை மிஸ். எந்தப் பிள்ளை புதிதாக வந்தாலும் தவளையைப் போலக் காலை மடக்கி உதைப்பதைத்தான் முதலில் கற்றுக்கொடுப்பாள். கரையில் குந்தி, கையையும் காலையும் விரித்துத் தானே செய்தும் காட்டுவாள். கண்களும் கொஞ்சம் பெரிசு. பெயர் ஒட்டிக்கொள்ள வேறென்ன வேண்டும்? குளத்து மேனேஜரே ஒருநாள் மைக்கில், “தவளை மிஸ் ஆபீசுக்கு வரவும்” என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் சிரித்தபடியே உள்ளே போய், “தவளைக்கு நீச்சல் தெரியும் சார். கோழின்னு கூப்பிட்டிருந்தாத்தான் கோவம் வந்திருக்கும்” என்றாள்.

முதல் சிவப்புத் திட்டு இடுப்புக்குக் கீழே வந்தது. உள்ளங்கை அகலம், மெல்லிய செதில், வியர்த்தால் அரிப்பு. குளோரின் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். மருந்துக்கடையில் ஒரு களிம்பு வாங்கித் தடவினாள், போய்விட்டது. நிறுத்தினாள், திரும்பி வந்துவிட்டது. இப்படிக் கண்ணாமூச்சி ஆடியே சில வருடங்கள் ஓடின. திட்டுகள் தொடைக்கும் முதுகுக்கும் பரவின. ஒன்று தோளில், எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் வந்து உட்கார்ந்த பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது.

ஒரு குட்டிப் பெண்ணின் அம்மா கரையோரமாக வந்து, வெயிலைப் பற்றிப் பேசி, பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசி, கடைசியில் கேட்டேவிட்டாள். “தப்பா எடுத்துக்காதீங்க மிஸ். தோள்ல இருக்கே, அது... ஒட்டுமா?”

“சேச்சே, வெறும் அலர்ஜிங்க.”

சொல்லி முடித்த பிறகுதான், அது என்னவென்று தனக்கே தெரியாது என்பது அவளுக்கு உறைத்தது. அடுத்த வாரம் மேனேஜர் தயங்கித் தயங்கி, கழுத்திலிருந்து முழங்கால்வரை மூடுகிற ஒரு நீச்சல் உடையை நீட்டினார். கரும்பச்சை நிறம். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். இப்போதுதான் அசல் தவளை என்றார்கள். அவளும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள். ஆனால் அன்று மத்தியானமே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, தோல் டாக்டரைப் பார்க்க நேரம் கேட்டு வாங்கினாள்.

சனிக்கிழமை காலைகளில் பெரிய பெண்களுக்கென்று ஒரு வகுப்பு உண்டு. அதில் ஒரு மாணவி, நாற்பதைத் தாண்டியவள், கனத்த கண்ணாடிக்காரி. தண்ணீரில் இறங்கும்போது கண்ணாடியைக் கழற்றிவிடுவதால் பாதி உலகம் அவளுக்கு மங்கலாகிவிடும். மீதி பயத்தில் மறைந்துவிடும். குளத்துச் சுவரைப் பிடித்தால் பிடித்ததுதான். கால் உதைக்கச் சொன்னாலும் சுவர், மூச்சுவிடச் சொன்னாலும் சுவர். அவளுக்குப் பல்லி என்று தவளை மிஸ் மனசுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தாள். வீட்டில் கணவனிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். ஒருநாள் வகுப்பின் நடுவே வாய் தவறிவிட்டது.

“பல்லி, காலை நல்லா உதைங்க!”

கண்ணாடிக்காரி திரும்பிப் பார்த்தாள். பிறகு அவள் சிரித்த சிரிப்பில் ஒரு மடக்கு தண்ணீர் உள்ளே போய், இருமி, மறுபடி சிரித்து, சுவரையே விட்டுவிட்டாள். முழுதாக இரண்டு மூச்சு நேரம் மிதந்தாள். மிதக்கிறோம் என்று தெரிந்ததும் மறுபடி சுவருக்கே பாய்ந்தாள்.

“கரையில உக்காந்து எங்க வீட்டு ஜனங்களுக்குத் துண்டு பிடிச்சே கை வலிக்குது மிஸ்” என்பாள், ஏன் நீச்சல் கற்க வந்தாய் என்று கேட்டால். எங்கே வேலை என்றால், “ஆஸ்பத்திரில” என்பதோடு நிறுத்திக்கொள்வாள். தவளை மிஸ்ஸும் அதற்குமேல் தோண்டவில்லை.

தோல் டாக்டர் தணிந்த குரல்காரர். இரண்டு திட்டுகளிலிருந்து துளித் தோல் எடுத்து அனுப்பினார். முடிவு வந்த அன்று கணவனையும் கூட்டிவரச் சொன்னார். அவன் லிப்ட் மெக்கானிக். வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தான். நகக்கண்ணில் கிரீஸ் இருந்ததால் கையைத் தொடைக்கடியில் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“இது அலர்ஜி இல்லம்மா” என்றார் டாக்டர். “தோல்ல வர்ற ஒரு வகை லிம்போமா. நம்ம ரத்தத்துல காவலுக்குன்னு சில வெள்ளை செல்லுங்க இருக்கு. தோலுக்கு ரோந்து வந்துட்டுப் போறது அதுங்க வேலை. அதுல ஒண்ணு கெட்டுப்போய், அங்கேயே குடியேறி, பெருகிடுச்சு.”

“கேன்சரா டாக்டர்?” என்றான் கணவன்.

“கேன்சர்தான். ஆனா ரொம்ப மெதுவா நடக்கற கேன்சர். பல பேருக்கு ஆயுசு பூரா தோலைத் தாண்டாது.”

அவள் கேட்டாள்: “குளோரினாலயா வந்துச்சு?”

“இல்லம்மா. ஏன் வருதுன்னு இன்னும் யாருக்கும் சரியாத் தெரியல. பெரும்பாலும் வெயில் படாத இடத்துலதான் முதல்ல வரும். நீச்சல் டிரஸ் மூடற இடம்னே நாங்க சொல்றது வழக்கம்.”

“அப்ப என் தொழிலை விசாரிச்சுட்டுத்தான் வந்திருக்கு” என்றாள்.

டாக்டருக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. கணவன் சிரிக்கவில்லை. டாக்டர் எழுந்து வந்து அவள் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு என்று வரிசையாக அழுத்திப் பார்த்தார். இடது அக்குளில் அவர் விரல்கள் நின்றுவிட்டன. அங்கே நெறி கட்டியிருந்தது. நெல்லிக்காய் அளவு, வலி இல்லை. அவளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

டாக்டர் கைகழுவிக்கொண்டு வந்து, முன்பைவிட மெதுவாகப் பேசினார். தோலோடு நின்றுவிட்டால் ஒரு கதை, நெறிக்கோ ரத்தத்துக்கோ போயிருந்தால் வேறு கதை என்றார். “ஒவ்வொரு செல்லு மேலயும் சில அடையாளங்கள் இருக்கும், சட்டையில குத்தின பேட்ஜ் மாதிரி. அதுக்குப் பேர் கிடையாது, நம்பர்தான். நாலு, ஏழு, இருபத்தாறுன்னு. கெட்டுப்போன செல்லு சில பேட்ஜைத் தொலைச்சுடும். லேப்ல ஒரு மெஷின்ல செல்லுங்களை வரிசையா ஓடவிட்டு, யார் கிட்ட எது இல்லைன்னு எண்ணிடுவாங்க. முதல்ல ரத்தத்துல பாப்போம்.”

ரத்தம் எடுத்தார்கள். முடிவு இரண்டுங்கெட்டானாக வந்தது. ரத்தத்தில் சில செல்களிடம் ஏழும் இருபத்தாறும் இல்லை. அதிகமில்லை, ஆனால் இல்லையென்றும் தள்ள முடியாது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிய வேண்டுமென்றால் நெறியையே முழுசாக எடுத்துப் பார்க்க வேண்டும்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு விசித்திரம் தொடங்கியது. கணவன் திடீரென்று தங்கமாகிவிட்டான். சொல்லாமலே பாத்திரம் கழுவினான். ஈரத்துண்டைக் கட்டிலில் போடுவதை நிறுத்தினான். அவள் என்ன சொன்னாலும் “சரிம்மா” என்றான். ஹாலுக்கு ஊதா பெயின்ட் அடிக்கலாமா என்று அவள் வேண்டுமென்றே கேட்டுப் பார்த்தாள்.

“அடிக்கலாம்மா. ஊதா நல்லாத்தான் இருக்கும்.”

“என்னங்க ஆச்சு உங்களுக்கு? கல்யாணமான நாள்லேருந்து ஒரு கலர்லகூட நாம ஒத்துப்போனதில்ல.”

அவன் துணி மடிப்பதில் மும்முரமாகிவிட்டான்.

குட்டு உடைந்தது நாத்தனாரால். அவனுடைய தங்கை ஒருநாள் காலையில் ஒரு பெரிய பெட்டியோடும் ஜூஸ் பிழிகிற மெஷினோடும் வந்து இறங்கினாள். வாசலிலேயே அண்ணியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

“அண்ணி, நான் இருக்கேன். இனிமே நீங்க ஒரு துரும்பைக்கூட அசைக்கக் கூடாது.”

“எதுக்குடி இப்ப அழற? ஜூஸ் மெஷின் என் கால் மேல இருக்கு, முதல்ல அதை எடு.”

“அண்ணன் எல்லாத்தையும் சொல்லிட்டாரு அண்ணி. அஞ்சு வருஷம்கூட...” என்றவள், அண்ணன் முகத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

தவளை மிஸ் அவள் பிடியை விலக்கினாள். கணவன் பக்கம் திரும்பினாள். “அஞ்சு வருஷம்கூடன்னா? யார் சொன்னது?”

அவன் சுவரைப் பார்த்துச் சொன்னான். ரத்த முடிவு வந்த அன்று, ஒரு கட்டடத்து மொட்டைமாடியில், லிப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து போனில் தேடியிருக்கிறான். ரத்தத்தில் போனால், நெறியில் போனால் என்று படித்துக்கொண்டே போனவனுக்கு ஒரு எண் கண்ணில் பட்டிருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் படிக்கவில்லை. கீழே லிப்டுக்காகக் காத்திருந்தவர்கள் கூச்சல் போட்ட பிறகுதான் எழுந்திருக்கிறான்.

“எனக்கு வந்த நோயை எனக்குத் தெரியாம நீங்க மட்டும் படிச்சு, தங்கச்சிக்கும் சொல்லி, பாத்திரமும் கழுவுவீங்க. அப்படித்தானே?” என்றாள் அவள். “நெறியில இருக்கான்னே இன்னும் பாக்கல. அதுக்குள்ள நான் போயாச்சு, இல்ல?”

“உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு...”

“வாயாலதான்!”

அவள் பையை எடுத்துக்கொண்டு குளத்துக்குக் கிளம்பிவிட்டாள். வகுப்புக்கு இன்னும் நேரம் இருந்தது. குளத்தில் ஒருவரும் இல்லை. பச்சை உடையை மாட்டிக்கொண்டு ஆழமான பக்கம் போய்க் குதித்தாள். தரையைத் தொட்டதும், நெஞ்சில் இருந்த காற்றையெல்லாம் சேர்த்து ஒரு கத்து கத்தினாள். தண்ணீருக்குள் கத்தினால் வெளியே குமிழிதான் போகும். மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி போய்க் கத்தினாள். அதற்குப் பிறகு அழுகை வந்தது. குளத்தில் அழுவதில் ஒரு வசதி, யாரும் கேட்கமாட்டார்கள். பிள்ளைகள் வரிசையாக வரத் தொடங்கியபோது கரையில் குந்தி, காலை மடக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போனபோது நாத்தனார் மூன்று பெரிய டம்ளரில் பீட்ரூட் ஜூஸ் வைத்திருந்தாள். மூவரும் குடித்தார்கள். கணவனுக்கு மேலுதட்டில் சிவப்பு மீசை வந்தது. அதைப் பார்த்து முதலில் சிரித்தது அவள்தான்.

“இனிமே எதைப் படிச்சாலும் ரெண்டு பேரும் சேர்ந்துதான் படிக்கணும்” என்றாள். அவன் தலையாட்டினான். “சரிம்மா” என்று சொல்ல வாயெடுத்து, அதை விழுங்கிவிட்டான்.

நெறியை எடுக்கிற நாள் வந்தது. பெரிய ஆபரேஷன் ஒன்றுமில்லை, அக்குளை மரத்துப்போகச் செய்துவிட்டு எடுத்துவிடுவார்கள். சக்கரக் கட்டிலில் படுக்கவைத்து, தியேட்டர் வாசலில் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தார்கள். மேலே டியூப் லைட் ஒன்று விட்டுவிட்டு எரிந்தது. சுவரோரமாகப் பச்சைத் தொப்பி, முகக்கவசம் அணிந்த ஒரு பெண், கையில் ஒரு சிறிய டப்பாவோடு சாய்ந்து நின்றிருந்தாள். முதுகு முழுவதும் சுவரில் ஒட்டியிருந்த விதம் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. கனத்த கண்ணாடி வேறு.

“பல்லி?” என்றாள் தவளை மிஸ்.

அந்தப் பெண் நிமிர்ந்தாள். கண்கள் விரிந்தன. “மிஸ்! நீங்களா?”

“நீங்க இங்கதான் வேலையா?”

“லேப்ல டாக்டர் மிஸ். செல்லுங்களைப் பாக்கறது என் வேலை. நெறியை எடுத்த கையோட உயிரோட கொண்டுபோகணும், அதான் நானே வந்து நின்னேன். வழக்கமா மருந்துல ஊறப்போட்டு அனுப்பிடுவாங்க. அப்படி அனுப்பினா செல்லுங்க செத்துடும், மெஷின்ல ஓடாது.” கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். நோயாளியின் பெயர் இத்தனை நேரம் அவளுக்கு வெறும் பெயராகத்தான் இருந்திருக்கிறது. குளத்தில் யார் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்?

“அப்ப என் ரத்தத்தைப் பாத்ததும்...?”

“நான்தான். ஆனா நீங்கன்னு தெரியாது மிஸ்.”

குளத்தில் இவள் சொல்ல அவள் கேட்பாள். இங்கே எப்படி என்று இருவருக்கும் புரியவில்லை.

“பயமா இருக்கா மிஸ்?”

“இருக்கு.”

“எனக்கும் தண்ணியில அப்படித்தான் இருக்கும்” என்றாள் பல்லி. பிறகு, “நல்லாப் பாக்கறேன் மிஸ். அவசரப்படாமப் பாக்கறேன்” என்றாள். கட்டில் உள்ளே நகர்ந்தது.

வேலை சுலபமாக முடிந்தது. திரை மறைவில் டப்பா கைமாறுகிற சத்தமும், அவசரமாகப் போகிற செருப்புச் சத்தமும் அவளுக்குக் கேட்டன.

அடுத்த சனிக்கிழமை பல்லி வகுப்புக்கு வரவில்லை.

தையல் போட்ட அக்குளோடு தவளை மிஸ் தண்ணீரில் இறங்காமல் கரையில் நின்றுதான் சொல்லிக்கொடுத்தாள். கண் மட்டும் வாசலிலேயே இருந்தது. சரி, வேலை இருக்கும் என்று நினைத்தாள். அதற்கடுத்த சனிக்கிழமையும் பல்லி வரவில்லை. அன்று அவளால் எதையும் வேறுமாதிரி நினைக்க முடியவில்லை. பார்த்திருக்கிறாள். கெட்டதைப் பார்த்திருக்கிறாள். என் முகத்தைப் பார்க்க முடியாமல் வராமல் இருக்கிறாள். ஒரு மாணவி மூச்சை எப்போது விடுவது என்று கேட்டாள். இவள், “விடவேண்டாம்” என்றாள். பிறகுதான் சுதாரித்துக்கொண்டாள்.

வீட்டில் கணவனிடம் சொன்னாள்.

“போன் பண்ணிக் கேட்டுடேன்” என்றான் அவன்.

“என்னன்னு கேக்கறது? ஏங்க கிளாஸுக்கு வரலன்னு கேக்கவா, இல்ல, நான் எப்ப போவேன்னு கேக்கவா?”

“ரெண்டுக்கும் நடுவுல ஏதாவது கேளு.”

“அவங்க வேலைக்கு அது சங்கடம். குளத்துல தெரிஞ்சவங்கன்னு வாயைத் திறக்க முடியுமா? விடுங்க.”

நாத்தனார் அப்போது அங்கேயேதான் தங்கியிருந்தாள். கேரட், ஆப்பிள் என்று தினம் ஒன்றைப் பிழிந்து தீர்த்துக்கொண்டிருந்தாள். அன்று அவள் மெஷினை அணைத்துவிட்டு வந்து அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அண்ணியின் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, விரல் விரலாக நீவிவிட்டாள். அந்த நாள்களில் கிடைத்த ஆறுதல்களில் அதுதான் பெரிசு என்று தவளை மிஸ் பிற்பாடு சொல்வதுண்டு.

ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. தோல் டாக்டரின் அறைக்குள் நுழைந்தபோது மேசைக்குப் பக்கத்தில் பல்லியும் உட்கார்ந்திருந்தாள். இரண்டு காதிலும் பஞ்சு. கழுத்தில் ஒரு மப்ளர். தவளை மிஸ்ஸுக்கு அந்தக் கோலம் சட்டென்று பிடிபடவில்லை.

“உங்க காதுக்கு என்ன ஆச்சு?”

“என்ன மிஸ்?” என்று பல்லி சத்தமாகக் கேட்டாள்.

“காது! காதுக்கு என்ன?”

“தண்ணி போய்ச் சீழ் பிடிச்சுடுச்சு மிஸ். காது டாக்டர் குளத்துப் பக்கமே போகக் கூடாதுன்னுட்டாரு. ரெண்டு வாரமா ஒரு காதுல சுத்தமாக் கேக்கல.”

தவளை மிஸ் கணவனைப் பார்த்தாள். கணவன் அவளைப் பார்த்தான். அவள் வாயிலிருந்து சிரிப்பு மாதிரியும் இல்லாமல் அழுகை மாதிரியும் இல்லாமல் ஒரு சத்தம் வந்தது. “காதா?” என்றாள். “நான் உங்களை வச்சு என்னென்னமோ நினைச்சேன்.”

“காதுல வலி இல்லன்னாலும் வந்திருப்பேனான்னு தெரியல மிஸ்” என்றாள் பல்லி. “முடிவு கையில இருக்கும்போது உங்களைக் குளத்துல பாத்தா என் மூஞ்சியே காட்டிக்கொடுத்துடும்.”

தோல் டாக்டர் கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். “நல்ல சேதிதான். முதல்ல அதைச் சொல்லிடறேன். எப்படின்னு இவங்க சொல்லட்டும்னுதான் கூப்பிட்டேன்.”

திரையில் ரத்தத்துக்கு ஒன்று, நெறிக்கு ஒன்று என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் புள்ளிகள் ஈசல் மாதிரி மொய்த்திருந்தன. பல்லி பேசத் தொடங்கியதும் குளத்தில் பார்த்த பெண் காணாமல்போனாள். குரல் நிதானமாக, எந்தச் சுவரும் தேவைப்படாமல் வந்தது.

“ஒவ்வொரு புள்ளியும் உங்க செல்லு ஒண்ணு. இந்தக் கூட்டம் நெறியிலேருந்து வந்தது. பாருங்க, எல்லா வகைச் செல்லும் கலந்து இருக்கு. ஒரே வகை மட்டும் இடத்தைப் பிடிச்சுக்கல. ஏழு இருக்கு, இருபத்தாறு இருக்கு. மைக்ராஸ்கோப்லயும் பாத்தேன். அரிச்சு அரிச்சுச் சொறிஞ்ச தோல்லேருந்து வர்ற கழிவையெல்லாம் வாரி வாரி நெறி வீங்கிப்போயிருக்கு, அவ்வளவுதான். தோலுக்கு அது வேலை பாத்திருக்கு மிஸ்.”

“ரத்தத்துல இருந்ததுங்க?” என்றான் கணவன். கையை மறைக்க மறந்து மேசைமேல் வைத்திருந்தான்.

“அதுதான் எனக்கும் உறுத்திட்டே இருந்துச்சு. பேட்ஜ் இல்லாத செல்லு நோயில்லாதவங்க கிட்டயும் கொஞ்சம் இருக்கும். அதனால அது எங்கேருந்து வந்ததுன்னு பாக்கணும். தோல்ல இருக்கற கெட்ட செல்லெல்லாம் ஒரே செல்லோட வாரிசுங்க. அந்த வம்சத்துக்குன்னு ஒரு கைரேகை இருக்கும். தோல்லயும் எடுத்தோம், நெறியிலயும் எடுத்தோம், ரத்தத்துலயும் எடுத்தோம். தோல்ல இருக்கற வம்சம் மத்த ரெண்டு இடத்துலயும் இல்ல. ரத்தத்துல இருக்கறது வேற குடும்பம். வயசாக ஆக அப்படிச் சின்னச் சின்னக் கூட்டம் பல பேருக்குச் சேரும். இப்ப அதால தொந்தரவு இல்ல.”

கணவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நெற்றியை மேசையின் விளிம்பில் வைத்துக்கொண்டான். முதுகு குலுங்கியது. அவள் அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டே டாக்டரிடம் கேட்டாள்.

“அப்ப நான் எவ்வளவு நாள் இருப்பேன் டாக்டர்? நேராச் சொல்லுங்க. இவர் போன்ல பாத்துட்டு ஏதோ ஒரு நம்பரை நெஞ்சுல வச்சுக்கிட்டு அலையறாரு.”

“அந்த நம்பர் ரத்தத்துக்கும் நெறிக்கும் போனவங்களோடது. அவங்கள்லயும் அதைத் தாண்டி இருக்கறவங்க உண்டு. நீங்க அந்த வரிசையிலயே இல்ல” என்றார் டாக்டர். “இது முழுசாப் போயிடும்னு சொன்னா நான் பொய் சொல்றேன்னு அர்த்தம். வரும், போகும். ஆனா மோசமாகப்போகுதுன்னு சொல்ற அடையாளம் தோல், நெறி, ரத்தம்னு எங்கயும் இப்ப இல்ல. உங்களை மாதிரி இருக்கறவங்கள்ல நிறைய பேர் இதோடயே கிழவியாகி, வேற எதுலயாவதுதான் போறாங்க.”

“கிழவியாகறதுக்கு நான் ரெடி” என்றாள்.

வெளியே வந்ததும் நாத்தனாருக்குப் போன் போட்டார்கள். கணவனால் பேச முடியவில்லை. அவள் வாங்கி, “நெறியில ஒண்ணுமில்லடி” என்றாள். அந்தப் பக்கத்தில் ஜூஸ் மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் நெடுநேரம் கேட்டது. அதை அணைக்கக்கூடத் தோன்றாமல் நாத்தனார் நின்றுகொண்டிருந்திருக்கிறாள்.

வைத்தியம் வெளிச்சத்தில் தொடங்கியது. ஆஸ்பத்திரியின் ஒரு மூலையில் பீரோ மாதிரி ஒரு பெட்டி. உள்ளே நான்கு பக்கமும் நெடுக்காக டியூப் லைட்டுகள். கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு உள்ளே நிற்க வேண்டும். ஒருவிதமான ஊதா ஒளி தோலில் படும். முதல் நாள் கணவன் அந்தப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, கதவின் கீலைத் தட்டிப் பார்த்து, “லிப்ட் மாதிரியே இருக்கு. மாடிதான் இல்ல” என்றான். வாரத்துக்குச் சில முறை போய்வந்தாள். தொடையில் இருந்த திட்டுகள் முதலில் மங்கின. முதுகு பிடிவாதம் பிடித்தது. பிறகு அதுவும் வெளுத்தது. தோளில் இருந்தது மட்டும் ஒரு நிழல் மாதிரி தங்கிவிட்டது.

அவள் இன்னொன்றும் செய்தாள். பெற்றோர்கள் கூடியிருந்த ஒருநாள், பழைய நீச்சல் உடையிலேயே கரைக்கு வந்தாள். தோள், தொடை எல்லாம் தெரிந்தது. “எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க” என்றாள். “எனக்கு இருக்கறது அலர்ஜின்னு முன்னாடி சொன்னேன். அப்ப எனக்கே தெரியாது. இது தோல்ல வர்ற ஒரு லிம்போமா. கேன்சர்ல ஒரு வகை. தொட்டாலும் ஒட்டாது, ஒரே தண்ணியில குளிச்சாலும் ஒட்டாது. வைத்தியம் நடக்குது. கேக்கறதுன்னா என் மூஞ்சியப் பாத்துக் கேளுங்க, பதில் சொல்றேன்.”

ஒருவர் தன் பிள்ளையை வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டார். ஒட்டுமா என்று முன்பு கேட்ட அம்மா, கூட்டம் கலைந்த பிறகு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் முழங்கையில் வெகுநாளாக ஒரு திட்டு இருந்ததாம். காட்டுவதற்குப் பயந்துகொண்டு இருந்தாளாம். தோல் டாக்டரின் அறை எந்த மாடி என்று கேட்டுக்கொண்டு போனாள். அது சாதாரணப் படைதான் என்று பிறகு தெரிந்தது.

காது ஆறிய பிறகு பல்லி திரும்பி வந்தாள், காதுக்கு ரப்பர் மூடி போட்டுக்கொண்டு. குளத்தில் இருவரும் ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசுவதில்லை என்று சொல்லாமலே ஓர் ஒப்பந்தம். பள்ளி விடுமுறை வருவதற்குள் அவள் குளத்தின் குறுக்கே ஒருமுறை நீந்திவிட்டாள். அழகாக நீந்தினாள் என்று சொல்ல முடியாது. ஆனால் போய்ச் சேர்ந்தாள்.

ஆறு மாதம் கழித்து ரத்தத்தை மறுபடி பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். ரத்தம் எடுக்கிற அறைக்கு வெளியே நாற்காலிகளில் ஆள் நிறைந்திருந்தது. கணவன் வண்டியை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தான். பக்கத்து நாற்காலியில் ஒரு பஸ் டிரைவர், சீருடையோடு. சட்டைக் காலரைத் தூக்கித் தூக்கி விட்டுக்கொண்டிருந்தார். கழுத்தில் ஒரு சிவப்பு விளிம்பு தெரிந்தது. அவர் கையில் இருந்த சீட்டில், நாலு, ஏழு, இருபத்தாறு என்று இவளுக்கு மனப்பாடமாகிவிட்ட அதே எண்கள்.

“முதல் தடவையா?” என்று கேட்டாள்.

அவர் தலையாட்டினார். “கழுத்துல நெறி வேற கட்டியிருக்குங்க. நெறி கட்டினாலே அவ்வளவுதான்னு சொல்றாங்களே.”

“யாரு சொல்றது, உங்க போனா?”

அவர் மாட்டிக்கொண்டவர் மாதிரிச் சிரித்தார்.

அவள் கையைத் தூக்கி, அக்குளில் தழும்பு இருக்கிற இடத்தைச் சட்டைக்கு மேலாகத் தொட்டுக் காட்டினாள். “எனக்கும் கட்டுச்சு. எடுத்துப் பாத்தாங்க. உங்களுக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது, அதை நான் சொல்லக் கூடாது. ஆனா பாக்கறதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துடாதீங்க. உள்ள பாக்கறவங்க ரொம்ப நல்லாப் பாப்பாங்க. நான் சாட்சி.”

“அப்ப இப்ப உங்களுக்கு எதுவும் இல்லையா?”

“இருக்கே” என்று சட்டைக் கழுத்தை விலக்கித் தோளைக் காட்டினாள். “இருக்கு. நானும் இருக்கேன்.”

டிரைவர் அந்தத் தோளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். காலரை மடித்துவிட்டார், கழுத்தில் காற்று படட்டும் என்பது மாதிரி. அவருடைய வழித்தடம் எது, எந்த நேரத்துப் பஸ் என்று இவள் விசாரித்துக்கொண்டிருந்தபோது உள்ளே இருந்து அவளைக் கூப்பிட்டார்கள். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டே அவள் எழுந்து போனாள்.